விசிறிக்காரியின் காற்று

மேற்கே மலை இருந்தும், மலையில் கணவாய் இருந்தும், கணவாய்க்குள் வழி இருந்தும் காற்று மட்டும் வராமல் போன அந்த ஆனி மாதத்தில், தென்காசிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரின் அப்பளத் தெருவில், காயப்போட்ட அப்பளமெல்லாம் வியர்த்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பெண்கள் மொட்டைமாடிகளில் நின்று முந்தானையால் விசிறி விசிறித் தோள் கழன்று, நாளைக்கு மாவு பிசைவதா வேண்டாமா என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான், மசூது என்பவனின் வீடியோ கேம் கடை டிவிக்குள்ளிருந்து காற்று கிளம்பி வந்தது.

முதலில் அது மசூதின் தொப்பியை எடுத்தது. பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் படபடவென்று அடுத்த வருஷம் வரைக்கும் புரட்டிவிட்டு, சன்னல் வழியாக வெளியே போய், முட்டுச்சந்தாக இருந்த அந்தத் தெருவில் கடை இருந்த கடைசிவீட்டு மாடியிலிருந்து இறங்கி, இரண்டு பக்க மாடிகளையும் தடவிக்கொண்டு, தெருமுனையில் இருந்த பஸ் ஸ்டாப் வரைக்கும் நேர்கோடாகப் போய் நின்றது. ஒட்டிக்கிடந்த அப்பளங்கள் ஓரம் தூக்கிப் பிரிந்தன. மாடியில் நின்ற பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் காட்டினார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. "இன்னுங் கொஞ்சம் வரட்டும்" என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் காற்றை வரவைத்தவள் கோமதி. காலையில் அம்மாவோடு உட்கார்ந்து அப்பளம் தேய்ப்பாள். மத்தியானம் மசூது அண்ணன் கடைக்கு ஏறிப்போய் விளையாடுவாள். படிப்பு முடித்துவிட்டு, வேலைக்கும் போகாமல், கல்யாணத்துக்கும் தலையாட்டாமல் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு அந்த மாடியில்தான் கொஞ்சம் மூச்சு விட இடம் இருந்தது.

அவள் விளையாடிய ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகாயத்தில் ஒரு பாறைத்திட்டு மிதக்கும். அதன்மேல் இரண்டு பேர் நின்று சண்டை போடுவார்கள். அடி வாங்க வாங்க அவரவர் பெயருக்குக் கீழே ஓர் எண் ஏறும். எண் ஏற ஏற ஆள் லேசாகிப் போவான். கடைசியில் ஒரு சின்னத் தட்டுக்கே திட்டை விட்டுப் பறந்துபோவான். ஆனால் விழுந்தவன் விழுந்த உடனேயே தோற்றவன் இல்லை. அந்தரத்தில் எம்பி, மறுபடி எம்பி, எப்படியாவது திட்டின் விளிம்பைப் பிடித்து ஏறிவிட்டால் ஆட்டம் இன்னும் அவனுக்கு உண்டு. பையன்கள் எல்லாரும் உலக்கைக்காரனையோ வாள்காரனையோ எடுப்பார்கள். கோமதி எடுப்பது விசிறிக்காரியை. அவளை வேறு யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் அவள் விசிறிக்கு அடிக்கத் தெரியாது. ஒரு பொத்தானுக்குத் தள்ளும், இன்னொரு பொத்தானுக்கு இழுக்கும். எதிராளியின் எண் ஒன்றுகூட ஏறாது. ஆள் நகருவான், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டு கோமதி அத்தனை பேரையும் ஜெயித்தாள். சண்டைக்கே போகமாட்டாள். திட்டின் விளிம்பில் போய் நிற்பாள். அடிக்கப் பாய்ந்து வருகிறவன் தானே விளிம்பு தாண்டி விழுவான். விழுந்தவன் தொங்கித் தவித்து மேலே வந்து, இதோ கை எட்டிவிட்டது என்கிற நேரத்தில், மெல்ல ஒரு விசிறல்.

"அக்கா, அடிச்சு ஜெயிங்க பாப்போம்! சும்மா ஊதி ஊதி ஜெயிக்கிய" என்று பையன்கள் அழாத குறையாகக் கத்துவார்கள்.

"நான் தொடவே இல்லையடே. எண்ணைப் பாரு, பூச்சியத்துல நிக்கி" என்பாள் கோமதி.

காற்று வெளியே வர ஆரம்பித்த பிறகு தெரு அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், குழாயில் தண்ணீர் வருவதை எடுத்துக்கொள்வது போலத்தான். தென்காசிக் கோபுரவாசலில் எதிரே வந்து நெஞ்சைத் தள்ளுகிற காற்று, உள்ளே போனதும் முதுகைப் பிடித்துத் தள்ளுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்களுக்குக் காற்று விளையாடுவது ஒன்றும் புதிதில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாடிக்கு மாடி குரல் வந்தது. "ஏ கோமதி, வெயில் இறங்குததுக்குள்ள ஒரு ஆட்டம் போடுட்டி." "மெதுவா, மெதுவா, மசாலா அப்பளம் இன்னைக்கு." பொத்தானைத் தட்டினால் சிலுசிலுப்பு, அமுக்கிப் பிடித்தால் ஆளே நகர்ந்தது. இழுக்கிற பொத்தானுக்குத் தெரு வேறு வேலை கண்டுபிடித்தது. பஸ்ஸில் வந்து இறங்கி முட்டி வலியோடு நிற்கிற கிழவர்கள் முனையில் நின்று கையைத் தூக்குவார்கள், கோமதி இழுப்பாள், குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தபடி வழுக்கிக்கொண்டு வந்து அவரவர் வாசலில் கம்பியைப் பிடித்து நின்றுகொள்வார்கள். பெண் பார்க்க வந்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து நடந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை பாதித் தெருவிலிருந்து திரும்ப வந்து உட்கார்ந்து சம்மதம் சொன்னதும் உண்டு. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் பேச்சை ஆரம்பித்த இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் நடுவில் ஏழெட்டு வீடு இருந்தது.

யார் விசிறிக்காரியை எடுத்தாலும் காற்று வந்தது. ஆனால் ஒரு பையன் ஆசைக்கு அமுக்கப்போய், கல்யாணப் பந்தல் ஒன்று வாழைமரத்தோடு, உட்கார்ந்திருந்த ஆட்களோடு, பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை; பந்தியில் இருந்த ரசம்கூடச் சிந்தவில்லை. இருந்தாலும் வீட்டுக்கு வீடு மாவு கொடுக்கிற அப்பளச் சங்கத்தில் கூடிப் பேசி, இனி அந்தக் கன்ட்ரோலரைக் கோமதி தவிர வேறு கை தொடக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

முடிவைச் சொன்னவர் சங்கத் தலைவர் குற்றாலிங்கம். கோமதிக்குப் பெரியப்பா, இறந்துபோன அப்பாவின் அண்ணன். அவருக்குத் தெருவைப் பற்றி ஒரு பெருமை உண்டு. எந்த ஊர்க்காரரிடமும் அதைச் சொல்லாமல் விடமாட்டார். "எங்க தெருவுல கை நீட்டுற பழக்கம் கிடையாது. இன்னை வரைக்கும் ஒரு அடி விழுந்ததில்லை."

அது உண்மைதான். அடிப்பதற்குப் பதிலாக அங்கே பலகை வைப்பார்கள். தெரு ஒத்துக்கொள்ளாத காரியத்தைச் செய்தவர் தெருவுக்குள் வந்தால், அப்பளம் தேய்க்கிற பலகையைத் தூக்கி வாசல்படியில் குத்தாக நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர்கள் எல்லாரும் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். வந்தவர் பலகைகளுக்கு நடுவே நடந்து, தன் வாசலிலும் பலகை நிற்பதைப் பார்த்துவிட்டு, நடந்தே திரும்பிப் போவார்.

கோமதியின் அக்கா உலகம்மாள் அப்படித்தான் திரும்பிப் போனாள். வேறு சாதியில் பிறந்த தங்கதுரையை, வீட்டுக்கு வயரிங் வேலைக்கு வந்தவனை, அவளாகவே கல்யாணம் செய்துகொண்டு, மாலையை எடுத்துவிட்டுத் தாலியோடு மட்டும் வந்தாள். அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் பலகையை நிறுத்தியது அவளைப் பெற்ற ஆவுடையம்மாள். ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தது கோமதி.

ஆடி பிறந்ததும் உலகம்மாள் போன் செய்தாள்.

"ஏட்டி கோமு, அவுகளுக்குச் சூரத்துல வேலை கிடைச்சிருக்கு. போனா எப்ப வருவமோ தெரியாது. அம்மா பிள்ளையை ஒரு தடவை கையில வாங்கட்டும்னு இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸுல வாரேன். பலகை வச்சா வைக்கட்டும். இந்தத் தடவை தாண்டி வந்துருவேன்."

கோமதி அதை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் தாளிப்பது எல்லா வீட்டுக்கும் மணக்கும். வியாழக்கிழமை குற்றாலிங்கம் மசூதின் கடைக்குப் படியேறி வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் மிதந்த பாறைத்திட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுதானா அது? நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "தாண்டி வருவேன்னு சொன்னாளாமே" என்றார்.

கோமதி கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"நான் உன்னை ஒண்ணும் செய்யச் சொல்லலை, தாயி. நாளைக்கும் நீ வழக்கம்போல விளையாடு. தள்ளுத பொத்தானை மட்டும் வச்சு விளையாடு. மிச்சத்தைக் காத்து பாத்துக்கிடும். யாருக்கும் அடிபடப் போறதில்லை, யாரு மேலயும் குத்தமுமில்லை."

"விளையாடாம இருந்தா, பெரியப்பா?"

"இருக்கலாம். உன் இஷ்டம்" என்று அவர் எழுந்தார். "சங்கத்து மாவு உங்க வீட்டுக்கு வரணுமா வேண்டாமாங்கது சங்கத்து இஷ்டம்."

அவர் இறங்கிப் போகும்வரை மசூது துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். "கோமதி, நாளைக்குக் கடையைப் பூட்டிரட்டுமா?" என்றான் கடைசியில்.

"பூட்டைத் திறந்து கூப்பிடுவாக, அண்ணே."

வெள்ளிக்கிழமை காலையில் ஆவுடையம்மாள் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே மாவு எடுத்து வைத்துத் தேய்த்தாள். கோமதி எதிரே உட்கார்ந்து எண்ணெய் தொட்டுத் தொட்டு உருண்டை பிடித்தாள். அம்மா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்து, சொல்லாமல் போகவே, "அம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

"நீ விளையாடத்தானே போற. போ." குழவியை ஓட்டியபடியே சொன்ன ஆவுடையம்மாள், ஓர் அப்பளத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, "தயங்கித் தயங்கி விசிறாத. விசிறினா நல்லா விசிறு" என்றாள்.

அம்மாவும் இறுகிப்போய்விட்டாள் என்று கோமதி நினைத்தாள். இனி தான் ஒருத்தி இளகி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தாள். இப்படி நினைப்பது சுலபமாக இருந்தது, அதனால் மாடிப்படி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு ஏறினாள்.

பஸ் வந்தது. சன்னலிலிருந்து பார்த்தால் தெரு ஒரு குழாய் மாதிரி நேராகத் தெரியும். அதன் அந்தப் பக்க வாயில் உலகம்மாள் இறங்கி நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரத்தில் தங்கதுரை பையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டான். தான் வந்தால் அவளுக்கு வழி இன்னும் நீளும் என்று அவனுக்குத் தெரியும். வாசல்களில் பலகைகள் எழுந்தன. ஆனால் இந்தத் தடவை யாரும் முதுகைக் காட்டவில்லை. காற்று என்ன செய்கிறது என்று பார்க்கிற ஆசையில் தூணையும் கம்பியையும் பிடித்துக்கொண்டு எல்லாரும் தெருவையே பார்த்து நின்றார்கள். குற்றாலிங்கம் கடையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மசூது எதிராட்டம் ஆட உட்கார்ந்தவன், கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டான்.

கோமதி தள்ளுகிற பொத்தானை அமுக்கினாள்.

உலகம்மாள் முதல் வீட்டைத் தாண்டியிருந்தாள். காற்று வந்து அவள் சேலையை உடம்போடு ஒட்டவைத்தது. அவள் குனிந்து, பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைத்தாள். வைத்த அடி வழுக்கிப் பின்னால் போனது. சுவரோரமாக வந்து பார்த்தாள். செங்கல் இடுக்கில் விரலைக் கொடுத்து, ஒவ்வொரு வாசலாகப் பிடித்துப் பிடித்து, தெருக்குழாய் வரைக்கும் வந்து குழாயைக் கட்டிப் பிடித்தாள். வீட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான். கோமதியின் கட்டைவிரலுக்கு அந்த நேரம் நன்றாகத் தெரியும். எத்தனையோ பேரின் கை விளிம்பை எட்டுகிற நேரம் அது. அவள் நினைப்பதற்கு முன்னால் விரல் தானாகவே இன்னும் அழுத்தி அமுக்கியது. உலகம்மாளின் கை குழாயிலிருந்து கழன்றது. காற்று அவளையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டுபோய், நிறைகுடத்தை இறக்கி வைப்பதுபோல அவ்வளவு பதமாக, பஸ் ஸ்டாப்பில் இறக்கி வைத்தது. பிள்ளை சிரித்தது. அதற்கு அது விளையாட்டு.

உலகம்மாள் மறுபடி வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

"பாத்தியா, ஒரு கீறல் இல்லை" என்றார் குற்றாலிங்கம்.

கோமதி திரையைப் பார்த்தாள். விளிம்பில் விசிறிக்காரி நின்றுகொண்டிருந்தாள், முகத்தில் எப்போதும் இருக்கிற அதே சின்னச் சிரிப்போடு. எதிரே எண் பூச்சியம். இத்தனை நாளும் அந்தப் பூச்சியத்தைக் காட்டித்தானே எல்லார் வாயையும் அடைத்தோம் என்று அவளுக்குப் பட்டது. ஒருவன் எத்தனை அடி வாங்கினான் என்பதற்கு அந்தத் திரையில் எண் இருந்தது. எத்தனை தடவை திரும்பி வரப் பார்த்தான் என்பதற்கு ஓர் எண்ணும் இல்லை.

அப்போதுதான் தெருவின் நடுவில் ஒரு கதவு திறந்தது. ஆவுடையம்மாள் வெளியே வந்தாள். தன் வாசல்படியில் குத்தாக நின்ற பலகையைத் தூக்கி, தரையில் படுக்கப் போட்டாள். அதன்மேல் கால் வைத்துத் தெருவில் இறங்கினாள். எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டிருந்த அந்தத் தெருவில் அவள் எதையும் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

காற்று அவளை எடுத்துக்கொண்டது.

பதறிப்போன கோமதியின் விரல் தளர்ந்தது. காற்றும் தளர்ந்தது. பாதித் தூரத்தில் தடுமாறி நின்ற ஆவுடையம்மாள் சன்னலைத் திரும்பிப் பார்த்து, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏட்டி, நிறுத்திராத! நல்லா விசிறுன்னு காலையிலேயே சொன்னேன்லா!"

மகளைத் தெருவுக்கு வெளியே தள்ளுகிற காற்றுக்கு, அம்மாவையும் அதே வழியில்தான் தள்ளத் தெரியும் என்பது கோமதிக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. காலையிலிருந்து, ஒருவேளை வியாழக்கிழமையிலிருந்தே, மாவு தேய்த்தபடி அம்மா அந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோமதி இரண்டு கட்டைவிரலையும் பொத்தானில் வைத்து, எழுந்து நின்று அமுக்கினாள். சன்னல் கதவு சுவரில் மோதியது. பெரியப்பாவின் துண்டு பறந்தது. கோயிலுக்கும் சாவுவீட்டுக்கும் தவிரத் தெருமுனையைத் தாண்டாத ஆவுடையம்மாள், கையெல்லாம் உளுந்துமாவோடு, கால் தரையில் பட்டும் படாமலும், ஆயுசுக்கும் சேர்த்து வேகமாகப் போய், உள்ளே வர முட்டிக்கொண்டு நின்ற மகளின் மேல் மோதி நின்றாள். உள்ளே வரப் பார்த்தவளும் வெளியே போனவளும் நடுவில் பிள்ளையோடு ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ள, காற்று பின்னாலிருந்து அழுத்தியதில் அந்தப் பிடி இன்னும் இறுகித்தான் போனது.

"அடி நிறுத்து! ஆவுடை எதுக்கு வெளியே போனா?" குற்றாலிங்கம் எழுந்து சன்னலுக்கு வந்தார்.

கோமதி நிறுத்தினாள்.

"இழு. அம்மாவை மட்டும் உள்ள இழு."

"அம்மாவை மட்டும் இழுக்கப் பொத்தான் இல்லை, பெரியப்பா. இழுத்தா அவளும் வருவா."

"அப்ப தள்ளிக்கிட்டே இரு."

"தள்ளலாம். ஆனா இப்ப அங்க அம்மாவும் நிக்கா." கோமதி கன்ட்ரோலரை அவரிடம் நீட்டினாள். "எனக்கு விரல் வலிக்கு. நீங்களே அமுக்குங்க. இந்தா, இது தள்ளுதது. இது இழுக்குதது. விரலை வச்சாப் போதும், மிச்சத்தைக் காத்து பாத்துக்கிடும்."

அவர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க முடியவில்லை. தெரு முழுக்கச் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் அவர் நினைத்ததைவிட லேசாக இருந்தது. தள்ளுகிற பொத்தானின் மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனார். திரையில் விசிறிக்காரி விசிறியை ஓங்கியபடி அவருக்காகக் காத்திருந்தாள்.

காற்றில்லாத தெருவில் அவர்கள் நடந்து வந்தார்கள். ஆவுடையம்மாள் பிள்ளையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கை மாவு பிள்ளையின் கன்னத்தில் அப்பியிருந்தது. உலகம்மாள் பக்கத்தில் வந்தாள். அவர்கள் குழாயைத் தாண்டியபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கதுரையை ஆவுடையம்மாள் திரும்பிப் பார்த்து, வா என்று சொல்லாமல், அவன் வருவதற்கான அளவு மட்டும் நின்றாள். அவனும் பையோடு ரோட்டைக் கடந்தான். இரண்டு பக்கமும் தூணைப் பிடித்திருந்தவர்கள் காற்று நின்ற பிறகும் தூணை விடவில்லை. முதுகைக் காட்டவேண்டியது இப்போதா, இனிமேலா, அல்லது அந்த நேரம் போய்விட்டதா என்று தெரியாமல், எல்லாரும் மாடிச் சன்னலையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். குற்றாலிங்கத்தின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே ஓர் அப்பளக் கனத்தில் நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. நெற்றி வியர்த்து, வியர்வை மூக்குநுனியில் சேர்ந்து, திரையின் வெளிச்சத்தில் நீலமாகத் தொங்கியது.

கீழே தெருவில் ஆவுடையம்மாளின் வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு பிள்ளையின் சத்தம். கோமதி படியில் தடதடவென்று இறங்கி ஓடிவிட்டாள்.

அவர் கன்ட்ரோலரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வைத்துவிட்டால் என்ன அர்த்தம் என்று பயமாக இருந்தது, அமுக்கினாலும் அப்படியே. வெயில் இறங்கி, மாடிகளில் அப்பளத்தை அள்ளுகிற சத்தம் வரத் தொடங்கியபோது, விரல் மரத்துப்போய், அவர் மசூதைப் பார்த்தார்.

"தம்பி, இதை எப்படி நிறுத்துதது?"

மசூது எழுந்து சன்னலைச் சாத்தினான்.

"நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, அண்ணாச்சி" என்றான்.